குறையாத ஒயில்

பெற்றோல் கிடைக்காததால் என் பழைய வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. நிறுத்திய இடமெல்லாம் எஞ்சின் ஒயில் ஒழுகியது. ஆனால் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறையவில்லை. அதனால் திருத்தாமலே ஓட்டினேன்.

கரவெட்டியில் ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்போது எஞ்சின் டக்டக்கென்று அடித்து நின்றுபோனது.

"அண்ணை, என்னாலை ஏலாது" என்று அவள் அழுதாள்.

ஓடிப்போய்ப் பெட்டி பூட்டிய ஓர் உழவு மெசின் பிடித்து வந்து அவளை ஏற்றிவிட்டேன். பிள்ளை வழியிலேயே பிறந்தது. இருவரும் சுகம்.

பிறகு காரைப் பார்த்த மெக்கானிக் ஒயில் கம்பியை இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மணந்து பாருங்கோ. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்கை இறங்கியிருக்கு. அதாலைதான் அளவு குறையேல்லை. ஒயில் தண்ணியாகி ஒழுகுது, எஞ்சினும் அடிச்சு நிண்டது. கண்ணாலை பாத்தனீங்கள், மூக்கை எங்கை விட்டனீங்கள்?"

ஒயிலை மாற்றி, ஒழுகிய மூட்டுக்கு மட்டையில் காஸ்கெற் வெட்டிப் போட்டார்.

இப்போது காலையில் கம்பியை மணந்து பார்க்கிறேன். மண்ணெண்ணெய் மணம் வந்தால், ஒயிலை மாற்றும்வரை யார் வந்து கூப்பிட்டாலும் கார் எடுப்பதில்லை.