சௌகத் அலி தம் உடைக்கும் நேரம்

கல்யாண வீட்டில் தம் போட்ட பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் சௌகத் அலி யாரையும் நிற்க விடமாட்டார். மாப்பிள்ளையின் அப்பாவே வந்து, "பாய், பந்தி ஒக்காந்தாச்சு" என்று அவசரப்படுத்தினாலும் அவருக்குக் காது கேட்காது. மூடியின் மேல் தணல் கிடக்கும். மூடியைச் சுற்றிலும் மைதா மாவு பூசியிருக்கும். அந்த மாவு காய்ந்து வெடிக்கிற இடத்தில் மூக்கை நீட்டி முகர்ந்து பார்ப்பார். வாசனை சரியாக வந்துவிட்டால், பந்தி உட்கார்ந்திருந்தாலும் சரி, எழுந்து போயிருந்தாலும் சரி, தணலைத் தள்ளி, மாவைப் பெயர்த்துத் தம்மை உடைத்துவிடுவார். "சோறு யாருக்காவும் வெய்ட் பண்ணாதுபா. மந்திரியே வந்தாலும் பண்ணாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு.

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வரை விருந்து சமைக்கிற பண்டாரி என்றால் அவரைத்தான் சொல்வார்கள். வயது நாற்பத்திரண்டு. வலது முன்கையில் ஒரு முடி கிடையாது, எல்லாம் அடுப்பு தின்றுவிட்டது. கறிக்கடையில் ஆட்டுத்தொடையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடா, இல்ல ஆட்டோட அத்தாவா?" என்று கேட்கிற ஆள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். இப்படிப்பட்டவர் வீட்டில், நோன்புப் பெருநாளன்று, கோவளத்திலேயே மோசமான பிரியாணி கிடைக்கும். சோறு களியாகக் குழைந்து, கறி எலும்பை விட்டு நழுவி, அடியில் கருகின வாடையோடு இருக்கும். நாலு பெருநாளாக இதே கதைதான்.

மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் பணக்காரக் கல்யாணங்கள் நடக்கும்போது அவரைக் கூப்பிடுவார்கள். சமையல் எல்லாம் அவர்களுடைய ஆட்களே செய்துவிடுவார்கள். இவர் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, மேக்கப் போட்ட ஜனங்கள் முன்னால் தேக்சாவைத் திறந்து காட்ட வேண்டும். பின்னால் 'ஐதராபாத் தம் பிரியாணி' என்று பலகை தொங்கும். "நா பொறந்ததுலேருந்து ஐதராபாத்த மேப்புலகூட பாத்ததில்ல. தலப்பாவ கழட்டி வெச்சிட்டா நா யாருன்னு எனக்கே டவுட்டு வந்துடுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த வேலைக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அவர் மனைவி ஆஸ்மா ரியாத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு இருக்கிறாள். கடற்கரைக்குப் போகிற வழியில் சௌகத் அலி போட்ட பிரியாணிக்கடை ஒரு சமயம் படுத்துவிட்டது. வெளிநாடு போகலாம் என்று ஏஜென்டிடம் போனார். ஏஜென்ட் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பள விசான்னா நீ எனக்குத் தரணும் பாய். பொம்பள விசா ஃப்ரீ. வூட்ல கேட்டுப் பாரேன்" என்றான். வீட்டில் கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார். ஆஸ்மாவுக்குப் பிரியாணி ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. அதை வைத்தே அவளைக் கிண்டல் செய்தவர் இவர். சமைக்கத் தெரிந்தவர் இங்கே உட்கார்ந்திருக்க, சமைக்கத் தெரியாதவள் அங்கே போய் ஒரு பெரிய குடும்பத்துக்கே ஆக்கிப் போடுகிறாள். அவள் கிளம்பியபோது மகள் ஃபைஸாவுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவள். முடியும்போது அந்த வீட்டு மேடத்துக்குப் பிரசவம். அதற்கப்புறம் ஆஸ்மாவே, இங்கே கட்டுகிற புது வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். தளம் போட்டாயிற்று. தரைக்கு டைல்ஸ் எந்த நிறம் என்பதையும் போனிலேயே பார்த்துச் சொன்னாள். அவள் ஒருநாள்கூடப் படுத்து எழாத வீட்டை சௌகத் அலி தினமும் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார். இந்தப் பெருநாளுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நோன்பு பாதியில் இருக்கும்போது, மேடம் லீவு தரவில்லை என்று செய்தி வந்தது. ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம், "பெருநாளைக்கு ஆஸ்மா வருதா பாய்?" என்று கேட்டார்கள். "ஏரோப்பிளேனு பஞ்சராம். ஒட்டிகினு கீறாங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நடந்தார்.

அங்கே பெருநாள் ஒருநாள் முன்னாலேயே வந்துவிடும். இவர் கடைசி நோன்பைப் பிடித்துக்கொண்டு நாக்கு வறண்டு கிடக்கிற அன்றைக்கு அவளுக்குப் பெருநாள். விருந்தாளிகளுக்கு ஆக்கிப் போட்டே அவள் பெருநாள் முடிந்துவிடும். மறுநாள் இவருக்குப் பெருநாள் என்றால், அவள் முந்தின நாள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். "எல்லாரும் ஒரே நெலாவப் பாக்குறோம்னு சொல்லுவானுங்க. எங்களுக்கு அந்தப் பிறைய ஒண்ணாப் பாக்கக்கூட குடுத்து வெக்கல" என்று பள்ளிவாசல் வாசலில் ஒருமுறை சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஆஸ்மா போன பிறகு வந்த முதல் பெருநாளன்று அவர் தம் உடைக்கப் போகிற நேரத்தில் தற்செயலாக அவள் வீடியோவில் வந்துவிட்டாள். மூடியைத் திறந்ததும், "ஆவி வருது, ஆவி வருது" என்று கத்திச் சிரித்து, அப்படியே அழுதாள். இடுப்பிலிருந்த ஃபைஸா அம்மாவையும் சோற்றையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டியது. அன்றோடு சௌகத் அலி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பெருநாள் தம்மை ஆஸ்மா பார்க்கத்தான் உடைக்க வேண்டும். அவள் வீடியோவில் வரும்வரை யாருக்கும் சோறு கிடையாது. ஆனால் ரியாத் வீட்டில் அவள் போனை மேடம்தான் வைத்திருப்பாள். பெருநாள் சமயத்தில் அவர்கள் விடிய விடிய விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள். அவர்கள் எழுந்து, தின்று, மனசு வந்து போனைக் கொடுப்பதற்குள் இங்கே வெயில் சாய்ந்துவிடும். அதுவரைக்கும் தேக்சாவில் சோறு வெந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பண்டாரிக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷமும் அப்படித்தான். தொழுதுவிட்டு வந்து, எதிர்ப்பட்ட இரண்டு பேரை மட்டும் கட்டித் தழுவிவிட்டு, நேரே அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ஃபைஸாவுக்கு ரியாத்திலிருந்து பெருநாள் கவுன் வந்திருந்தது. ஆஸ்மா தன் மனசில் இருக்கிற குழந்தைக்கு வாங்கியிருந்தாள். இங்கே வளர்ந்த குழந்தைக்கு அது அக்குளைப் பிடித்தது. சௌகத் அலி பக்கத்தையல்களைப் பிரித்துவிட்டு ஊக்கு குத்தி விட்டார். "கைய தூக்காத, ஊக்கு குத்தும்" என்று சொல்லி வைத்தார். பிள்ளை பெருநாள் முழுக்கக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடந்தது.

உச்சிவெயில் தாண்டி வெகுநேரம் ஆனபிறகு பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக் கேக்கும் பெருநாளுக்கு இவர் வீட்டுப் பிரியாணியும் சுவர் தாண்டிப் போய் வருவது வழக்கம்.

"இன்னா பாய், இன்னும் தம்மு ஒடைக்கலியா? எங்க வூட்டுப் பசங்க தட்ட வெச்சிகினு ஒக்காந்துகினு கீதுங்க."

"வரும். சிக்னலு இல்லாம இருக்கும்."

"கொயந்த மொகத்தப் பாரு, சுருங்கிப் போய்க் கீது. அதுக்காச்சும் ஒரு வாய் போட்டா இன்னா?"

சௌகத் அலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெருநாளு சோறுன்னா அம்மா வந்தாத்தான்னு அதுக்குத் தெரியணும் ஜெசிந்தா. அவளோட இதக் கட்டிப் போட என்கிட்ட வேற இன்னா கீது?"

பதில் சொன்னது ஃபைஸாதான். அடுப்புக்கு எதிரே தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, அப்பாவுக்கு யோசனை சொல்கிற குரலில், "அத்தா, இந்த வாட்டி அம்மா வாணாம். நாம துன்னுடலாம்" என்றது.

ஜெசிந்தா திரும்பிப் போய்விட்டாள். சௌகத் அலி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்தால் சோறு என்று அவர் நாலு வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை, அம்மா வராததால்தான் சோறு இல்லை என்று பிள்ளை படித்து வைத்திருக்கிறது. அந்த ஏஜென்டை, மேடத்தை, ஆஸ்மாவை, எல்லோரையும்விட அதிகமாகத் தன்னையே வெறுத்தார். மூடியிலிருந்த தணல் எப்போதோ சாம்பலாகிவிட்டது. இருந்தும் அவர் தம்மை உடைக்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்தபிறகு போன் அடித்தது.

வீடியோவில் ஆஸ்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "இன்னாங்க, இப்பத்தான் குடுத்தாங்க. சீக்கிரம், தம்ம ஒடைங்க, பாக்குறேன்" என்றாள். அவர் மூடியைத் தள்ளினார். குழைந்தது தெரியாதபடி ஆவி அடங்குவதற்குள் போனைச் சோற்றுக்கு நேரே காட்டிவிட்டு, தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நல்லா வந்துகீதா?"

"உன்னோடத விட நல்லாத்தான் கீது."

அவள் சிரித்தாள். அப்போது அந்த வீட்டுச் சின்னப் பையன் எங்கிருந்தோ ஓடிவந்து அவள் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, சரிந்து மடிக்கு வந்தான். அவள் வந்தபிறகு அந்த வீட்டில் பிறந்த பிள்ளை. ஆஸ்மா அவனைப் பார்க்கக்கூட இல்லை. டைல்ஸ் துடைத்தால் கறை போகிறதா, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தாயிற்றா என்று இவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கை மட்டும் தன்பாட்டுக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவன் வாயில் வைத்தது. முக்காட்டின் நுனியால் அவன் உதட்டைத் துடைத்தது. திரும்பவும் தட்டுக்குப் போயிற்று.

ஃபைஸா எப்போது எழுந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் முழங்காலை ஒட்டி நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்மாவின் கை அடுத்த உருண்டையை எடுத்தது. ஃபைஸா ஊக்கு குத்தாமல் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, வாயைத் திறந்தது.

உருண்டை அந்தப் பையனின் வாய்க்குப் போயிற்று. ஃபைஸா வாயை மூடவில்லை.

"போதும், சோறு பாத்தாச்சு" என்று ஆஸ்மா போனை நோக்கிக் குனிந்தாள். "புள்ளயக் காட்டுங்க. எங்க கீது ஃபைஸா?"

சௌகத் அலி கட்டைவிரலை எடுத்துக் கேமராவின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.