அப்பா துரையான மாலைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா பெரிய கிளார்க்கர். சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை, தன் பொக்ஸ் டெரியர் நாய்க்குட்டியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு நாயென்றாலே ஆகாது.

"கண்டி நாய்க் கண்காட்சியில பரிசு வாங்குச்சின்னா இங்க இருக்கட்டும். இல்லன்னா நாவலப்பிட்டிக்குப் போகட்டும்" என்றார். நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சோறு இறங்குமா? அதற்குள் குட்டி என் உயிராகிவிட்டிருந்தது!

கருவாட்டுத் துண்டைக் காட்டிக் காட்டியே பக்கத்தில் நடக்கவும் அசையாமல் நிற்கவும் பழக்கிவிட்டேன். ஆனால் கண்காட்சியில் நடுவர் குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாராம். நடுவரோ நிச்சயம் வெள்ளைக்காரர். பழைய துரையிடம் எத்தனை உதை வாங்கியதோ, தொப்பியும் பூட்சும் கண்டாலே இது உறுமும். அப்பாவிடம் கெஞ்சினேன்.

"நாய்க்காக நான் துரை வேஷம் கட்டணுமா? ஒனக்கென்ன பைத்தியமாடி?"

திட்டியவர்தான், மறுநாள் மாலை தொப்பி, பூட்ஸ், சுருட்டு சகிதம் வாசலில் வந்து நின்றார்! "துரை வாறாரு, எந்திரிங்க எல்லாரும்!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முதல் நாள் குட்டியின் வாயைத் திறக்கப் போய்ச் சட்டைக்கை கிழிந்தது. அப்பா விடவில்லை. தினமும் வந்தார். போகப்போக, நான் கூப்பிடுவதற்கு முன்பே தொப்பியோடு தயாராக நின்றார்.

கண்காட்சியன்று கண்டி மைதானத்தில் குட்டியோடு வரிசையில் நின்றேன். மாமா புதுச் சங்கிலியோடு வந்து ஓரமாக நின்றார். குட்டி என்ன நடை நடந்தது தெரியுமா! நடுவர் குனிந்து அதன் வாயைத் திறந்தார். ஒரு முனகல்கூட இல்லை! திரும்பிப் பார்த்தால், கூட்டத்தில் அப்பா தன் வாயையும் ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறார்.

அடுத்து நடுவர் காதைத் தொட்டார், தலையை ஆட்டினார். இந்த ஜாதிக்குக் காது முன்னால் மடிந்து விழ வேண்டுமாம். எங்கள் குட்டிக்கு விறைத்து நின்றது. பரிசு இல்லை.

மாமா சங்கிலியை மாட்டக் குனிந்தார். அதற்குள் அப்பா குட்டியை வாரித் தூக்கிக்கொண்டார். கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளை மயிர்.

"காது நிமிந்து நின்னா என்னவாம்? கூப்பிட்டா ஓடி வருதுல்ல? வாயத் தெறன்னா தெறக்குதுல்ல? இந்த ஆளு என்னத்தக் கண்டாரு!"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப இந்தச் சங்கிலி?"

"குடுத்துட்டுப் போங்க மச்சான். எங்களுக்குத் தேவப்படும்."