அலமாரிக் காகிதத்தில் ஒரு கல்லூரி

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது காகிதம் விரிப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை வெறும் பலகையில்தான் அடுக்குகிறோம். பலகை கறை பிடித்துக் கிடக்கிறது, அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேர் இருக்கிற வீட்டில் விரிக்க ஒரு தாள் கூடவா கிடைக்கவில்லை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கட்டுக் கட்டாக இருக்கிறது. விரிக்கத்தான் மனம் வரவில்லை.

அந்த இரண்டு பேர் அண்ணனும் நானும். நான் பைண்டிங்கில் இருக்கிறேன். மடிப்பது, அடுக்குவது, பின் அடிப்பது. அண்ணன் ஆரம்பத்தில் கட்டிங் மெஷினில் இருந்தார். இருபத்தாறு வயதில் வலது கை மோதிர விரலின் பாதியை அந்த மெஷின் வாங்கிக்கொண்டது. மூன்று மாதம் வீட்டில் கிடந்தவர், எழுந்ததும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு பக்கம் வடிவமைக்கிற நாற்காலிக்கு மாறிவிட்டார். ஒன்பதரை விரலோடு அவர் தட்டுகிற வேகத்துக்கு எங்கள் அச்சகத்தில் யாரும் கிட்டே நிற்க முடியாது. கோபம் வராத மனிதர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அந்த "ஆகட்டும்"தான் எங்களைக் குழியில் தள்ளியது. அவரை மட்டும் சொல்லி என்ன, நானும் கூடவே குதித்தவள்தானே.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தனியார் கல்லூரியின் புரோஷர் வேலை வந்தது. புதிதாக உளவியல் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தார்கள். "எங்க ஆலோசனை அறையில பசங்க நேரடியாப் பயிற்சி எடுக்கறாங்கன்னு ஒரு முழுப் பக்கம் வேணும்" என்றார் கல்லூரி மேலாளர். அண்ணன் அறையின் படத்தைக் கேட்டார்.

"அறை அடுத்த வருஷம் வந்துடும். இப்போதைக்கு நீங்களே ஏதாவது பாத்துப் போடுங்க."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் "ஆகட்டும்" என்றார்.

படத்தை அச்சகத்திலேயே எடுத்தோம். காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பின்னால் திரைக்கு அண்ணியின் பழைய படுக்கை விரிப்பு. முதலாளி அறையிலிருந்து ஒரு தொட்டிச் செடி. எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி மருந்துக் கடையில் இருக்கிறாள், அவளிடம் வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, முதுகு மட்டும் தெரிகிற மாதிரி நான் உட்கார்ந்தேன். நான்தான் ஆலோசகர். எதிரில் மனம் உடைந்தவராக அண்ணன். முகம் தெரியக் கூடாதென்று வலது கையால் முகத்தை மூடிக்கொண்டார். படம் எடுக்க அச்சு மெஷின் ஓட்டுகிறவர் செல்போனைத் தூக்கியதும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குப் பின்னால் அண்ணனின் தோள் குலுங்கியது. படத்தில் அது அழுகை மாதிரியே விழுந்தது.

அப்புறம் கம்ப்யூட்டரில் அந்த அரை விரலுக்கு மீதியை வரைந்து சேர்த்தார், நகம் உட்பட. "கொற விரலோட போட்டா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் ஒரு மத்தியானம் டாக்டரம்மா ஆகியிருந்தேன், பெருமையாகத்தான் இருந்தது.

நிறம் சரியாக விழாத தாள்களை அச்சகத்துக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவோம். நோட்டுக்கு அட்டை போட, அலமாரியில் விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தப் புரோஷரின் தாள்களை எடுத்து வந்தது நான். ஆலோசனை அறைப் படம் மேலே தெரிகிற மாதிரி விரித்ததும் நான். என் முதுகு எனக்கு அழகாகத் தெரிந்தது, வேறென்ன.

அந்த அலமாரியிலிருந்து தினம் மூன்று வேளை தட்டு எடுத்தவள் அண்ணன் மகள். வீட்டில் அவளை வக்கீல் என்போம். கடிகாரம் மணி சொன்னால்கூட சாட்சி கேட்பாள். அப்படிப்பட்டவள் அந்தப் படத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியிருக்கிறாள். அப்பா அச்சடித்துக் கொண்டுவந்த காகிதம் அல்லவா.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் உளவியல் படிக்கப்போகிறேன் என்றாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கல்லூரிகளை எழுதினாள். கட்டணம் எவ்வளவு, எத்தனை பஸ் மாற வேண்டும், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா, படித்தவர்களில் எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள். கல்லூரி அலுவலகங்களைப் போனில் கூப்பிட்டு நச்சரித்தாள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அரசுக் கல்லூரி. எங்கள் கைக்கு எட்டுகிற கட்டணம், ஏழு ஆசிரியர்கள், நல்ல நூலகம், கட்டடம் மட்டும் காரை பெயர்ந்த பழசு. இன்னொன்று அந்தத் தனியார் கல்லூரி. நாலு மடங்கு கட்டணம், மூன்றே ஆசிரியர்கள்.

"கட்டத்தைப் பாத்தா அரசு காலேஜ்தான் அத்தை. ஆனா இங்க முதல் வருஷத்துலயே மனுஷங்களோட உக்காந்து பேசிக் கத்துக்கலாம். அந்த ரூம் வேற எங்கயும் இல்ல" என்று அலமாரியைக் காட்டினாள். "ஃபீஸ் அதிகம்தான். நான் சாயங்காலத்துல ட்யூஷன் எடுக்கறேன்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அந்த அறை இன்னும் வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் புரூஃப் காட்டப் போகிறவர் அவர்தான். கதவில் 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டியிருக்கிறார்களாம், உள்ளே உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், சுற்றி வளைத்து அவள் மனதை மாற்றப் பார்த்தார் அண்ணன்.

"பஸ்ல கூட்டமா இருக்கும்மா."

"ரெண்டு பஸ் மாறணும்ங்கறது அரசு காலேஜுக்குத்தான்ப்பா. இது ஒரே பஸ்."

"அங்க அவ்வளவா சொல்லித் தரமாட்டாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

யார் என்று சொல்ல அண்ணனுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. மகளிடம் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டு அவர் விழித்ததைப் பார்த்து அண்ணி சிரித்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அச்சகத்துக்கு நடந்து போகும்போது "நீங்க சொல்லிடுங்க அண்ணா" என்பேன். "நீ சொல்லேன்" என்பார். பத்து நாள் இதே பேச்சு. ஒரு பொய்யை இரண்டு பேர் சுமந்தால் பாரம் குறையும் என்று நினைத்தோமோ என்னவோ. ஒருநாள் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அவ எம்மேல வெச்சிருக்கிற மரியாதை ஒண்ணுதான் நான் இத்தனை வருஷத்துல சம்பாதிச்சது. அதையும் போட்டு உடைக்கச் சொல்றியா?" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போனது. அவருக்காக மட்டும் அடைத்தது என்று சொன்னால் அதுவும் பொய். அத்தை என்று அவள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்கும் வேண்டியிருந்தது.

அவள் நோட்டில் கடைசித் தேதிகளும் இருந்தன. மேசை மேலேயே கிடந்த நோட்டு. அதைத் திறந்து பார்க்க எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. எப்படியும் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். வக்கீலைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? சேரப்போவதில்லை என்று முடிவு செய்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டு இன்னொருத்தர் இடத்தை அடைத்து வைக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். "நாளைக்குப் பணம் கட்டப் போறோம்ல. நீங்களும் என்கூட வாங்க அத்தை. கட்டறதுக்கு முன்னாடி அந்த ரூம்ல ஒரு நிமிஷம் உக்காந்து பாக்கணும்."

இனி ஓட இடமில்லை. நான் அலமாரியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். விரித்திருந்த தாளை உருவி மேசைமேல் போட்டேன். தட்டு வைத்து வைத்து அதில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

"இந்த முதுகு என்னோடது" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அவள் சிரிப்பு நின்றது காதில் விழுந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அப்படியே இருந்தேன்.

"இது எந்த இடம்?"

"பிரஸ்ஸு. பேப்பர் அடுக்கற எடம்."

"இந்தத் திரை?"

"உங்கம்மாவோட பழைய விரிப்பு. சின்னதுல நீ படுத்துத் தூங்கினது."

காகிதத்தை அவள் விரலால் தடவுகிற சத்தம் கேட்டது. "எதிர்ல இருக்கிறவர் யாரு?"

அறை வாசலில் அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "நான்தாம்மா" என்றார்.

"இல்ல. இவருக்கு விரல் முழுசா இருக்கு."

"அது நான் வரைஞ்சது."

அவள் கத்தியிருந்தால் தேவலை. நோட்டின் பக்கங்கள் புரளுகிற சத்தம் கேட்டது. "அரசு காலேஜுக்குக் கடைசித் தேதி நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சுபோச்சுப்பா" என்றாள். வழி கேட்டவருக்கு வழி சொல்கிற குரல்தான் அது.

அண்ணன் எனக்கு எதிரில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வலது கை தானாக முகத்துக்குப் போனது. தோள் குலுங்கியது. அரை விரல் விட்ட இடைவெளியில் ஒரு கண் நனைந்து தெரிந்தது. வக்கீல் தாளோடு என் முன்னால் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் அழுதீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றார் கைக்குப் பின்னாலிருந்து. "அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் தட்டுகளை எடுத்து வெறும் பலகையில் அடுக்கினாள். எந்தக் கல்லூரியிலும் சேராமல் அந்த ஒரு வருடமும் அவள் வீட்டில்தான் இருந்தாள்.