நெல்லாலையில் மற்றப் பக்கம் நின்றவர்

மாசி பதினான்காம் தேதி, பின்னேரம் நான்கரை மணி. பல்கலைக்கழக வளாக விளையாட்டறையில் யாரோ புதிய ஷட்டில் குழாயொன்றைத் திறக்க, இறகின் மணத்தோடு, எங்கள் ஊர் முள்ளியவளையில் இன்று இல்லாத நெல்லாலையின் ஆவியும் என்னிடம் வந்தது. அறுவடைக்கு முன் களஞ்சியம் வெறுமையாயிருக்கும் வாரங்களில் அங்கே வலை கட்டுவார்கள். பின்னாளில் நாட்டுக்காகப் பட்மின்டன் ஒற்றையர் ஆடி ஓய்வு பெற்ற என் சித்தி, இறகு முறியாதிருக்க ஷட்டில்களை எஞ்சிய கொஞ்ச நெல்லை அவிக்கும் ஆவியில் பிடித்துவிட்டு, பொழுது சாயும்வரை ஆடுவார். என் நினைவில் அவர் மட்டுமே ஆடுகிறார். அடித்த ஷட்டில் எப்படியோ திரும்பி வருகிறது.

தொலைபேசியில் அவரிடமே கேட்டேன்.

"மற்றப் பக்கம் ஆர் சித்தி நிண்டது?"

"விசரி, உன்ர கொம்மாதான்! அவாவை நான் ஒருக்காலும் வெண்டதில்லை. நாட்டு அணித் தெரிவுப் போட்டிக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டவை. உனக்குக் காய்ச்சலெண்டு அவா வரேல்லை."

அம்மாவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், முகம் வரவில்லை. அவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாரா, இழந்தாரா, இன்னும் விரும்புகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. எப்படிக் கேட்பதென்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய், முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கும் நடுவே வலைபோல ஒரு கயிறு கட்டினேன். குசினி அடுப்பை விட்டு வந்த அம்மா கயிற்றடியில் நின்று கையை உயர்த்தி அளந்தார்.

"உயரம் காணாதடி" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் மேலே கட்டினார்.