சிஞோராவின் தகப்பனும் நான் விழுங்கிய சொல்லும்

பலெர்மோவில் சிப்பாயைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போகிற ஒரே மனிதன் நான்தான். மாஃபியா நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு தெருமுனைகளில் இராணுவத்தை நிறுத்தியிருக்கிறார்கள். இங்குள்ள சனம் அவர்களுக்குக் கோப்பி வாங்கிக் கொடுக்கிறது. நானோ யாழ்ப்பாணத்துக் காவலரணில் வளைந்து பழகிய முதுகை இங்கும் வளைக்கிறேன். அல்பெர்கேரியா முனையில் நிற்கும் சிப்பாய்ப் பெடியன் ஒருநாள் குனிந்து என் சில்லைப் பார்த்தான். "காத்து இருக்குத்தானே, ஏன் இறங்கினாய்?" "உடற்பயிற்சி" என்றேன். வீரமாகத்தான் சொன்னேன், குரல்தான் கீச்சிட்டது.

ஒரேத்தோப் பக்கம் நான் வீட்டுவேலை செய்யும் வீட்டு எசமானி சிஞோராவுக்கு எழுபது நெருங்குகிறது. கண்ணில் படலம். அவருடைய தகப்பன் ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பாதவர். "கட்டாயப்படுத்திக் கப்பலில் ஏற்றினார்கள்" என்று சொல்லியபடியே தாய் கண்ணை மூடினார். அயலில் சிலர் வேறு கதை சொன்னார்கள். அதனால் தகப்பனின் படம் சுவரிலும் இல்லை, குப்பையிலும் இல்லை. மேசை லாச்சிக்குள் கவிழ்ந்து கிடந்தது. போன மாதம் அவரது படைச்சேவைப் பதிவு கிடைத்திருப்பதாகக் இராணுவ ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசிக்க ஆள் வேண்டுமே. இத்தாலிய மொழியை எழுத்துக்கூட்டும் பண்டிதனான என்னை அங்கே கூட்டிப் போனார்.

பிறந்த ஊர், உயரம், தலைமயிரின் நிறம் என்று கோயில் ஐயர் மாதிரி ராகத்தோடு வாசித்துக்கொண்டு போனேன். அடுத்த வரியில் 'வொலொந்தாரியோ' என்று இருந்தது. தன் விருப்பத்தில் சேர்ந்தவர். நான் நிறுத்தியதும் சிஞோராவின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின.

இந்த இடத்தில் நான் முன்பும் நின்றிருக்கிறேன். தம்பி இயக்கத்துக்குப் போன அன்று சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு கடுதாசித் துண்டு வைத்துவிட்டுப் போனான். அம்மாவின் கண்ணாடி உடைந்திருந்தது. "என்னடா எழுதியிருக்கிறான்? கெதியா வாசி." 'நானாத்தான் போறன்' என்று இருந்தது. "இயக்கப் பெடியள் என்னை இழுத்துக்கொண்டு போறாங்கள்" என்று வாசித்தேன். இழுத்துக்கொண்டு போகிறவர்கள் கடுதாசி எழுத நேரம் கொடுப்பார்களா என்று அம்மா கேட்கவில்லை. ஆமியின் சுற்றிவளைப்புக்குப் பயந்தவன்போலத் துண்டை அடுப்பில் போட்டேன். அம்மாவின் துக்கத்தைப் பாதியாக்கிவிட்டதாகப் பெருமை வேறு. அன்றிலிருந்து அம்மா இயக்கத்து முகாம் முகாமாகப் போய் வாசலில் நிற்கிறார்: "என்ரை பிள்ளையைத் திருப்பித் தாங்கோ." ஊரிலிருந்து வரும் கடிதத்துக்குக் கடிதம் புது முகாம்.

அதே கெட்டிக்காரனாகத்தான் இங்கும் சொல்லை விழுங்கி அடுத்த வரிக்குத் தாவினேன்.

"நில்லு," என்றார் சிஞோரா. "இவ்வளவு நேரமும் பாடினாய், இப்ப ஏன் ஓடுறாய்? விட்டதை வாசி."

"மை அழிஞ்சிருக்கு, சிஞோரா."

"என்ரை அம்மாவும் இப்பிடித்தான் மூச்சு வாங்கி வாங்கிப் பொய் சொல்லுவா. வாசி."

வாசித்தேன். அழுவார் என்று கைக்குட்டையை எடுத்தேன். அது என் நெற்றிக்குத்தான் தேவைப்பட்டது. காப்பகத்தின் படியிறங்கும்போது சொன்னார்: "இத்தனை வருஷமா அரசாங்கத்தைத் திட்டினன். இனி ஆளை மாத்தவேணும். போனதும் படத்தைச் சுவரிலை மாட்டு. திட்டுறதுக்கு முகம் வேணுமே."

மாட்டினேன். பிறகு அவருடைய சமையலறை மேசையிலேயே அம்மாவுக்கு எழுதினேன்: 'தம்பி தானாத்தான் போனவன். நான்தான் மாத்தி வாசிச்சனான். இனி முகாம் வாசலுக்குப் போகாதேங்கோ. திட்டுறதெண்டால் என்னைத் திட்டுங்கோ.'

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குச் சைக்கிளை மிதித்தேன். முனையில் அதே பெடியன், அதே துவக்கு. இன்றைக்கு இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்தேன். ஒரு கால் சொன்னபடி மிதியில் நின்றது. மற்றக் கால் என்னைக் கேளாமலே இறங்கி, அவனைக் கடக்கும்வரை நிலத்தை உரசிக்கொண்டே வந்தது.