புகார்ப் பிரிவில் ஒரு தகரக் குரல்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் புகாரக்கா. ஓய்வு பெறப்போகிற பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் அழைப்பார்கள். ஊரை அவர் தெருப் பெயரால் நினைவு வைத்திருக்கவில்லை, குழாயால் வைத்திருந்தார். "எங்க வீட்டுல தண்ணி வரலை" என்று யாராவது போனில் கத்தினால், "பக்கத்து வீட்டுல வருதா? எதிர் வீட்டுல?" என்று இரண்டே கேள்வி கேட்பார். எந்த வால்வைத் திறக்க மறந்தார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவருக்குக் கண் போக ஆரம்பித்தது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஓரங்கள் போயின. அலுவலகத்து ஸ்டூலில் தினமும் இடித்துக்கொண்டு, ஸ்டூலை அங்கே வைத்தவரைத் திட்டுவார். பிறகு எழுத்துகள் மங்கின. கண் டாக்டர், "இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், போனது திரும்பாது" என்று சொல்லிவிட்டார். அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார். போதவில்லை, இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் திரைக்கு நான்கு சொல்தான் கொள்ளும் என்ற அளவுக்கு வந்தது. "என்னக்கா, மூக்காலயே படிக்கிறீங்க?" என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

குட்டு உடைந்தது ஒரு வீட்டு எண்ணில். எழுபத்து நான்கு என்று ஏற்ற வேண்டிய புகாரை அக்கா பதினான்கு என்று ஏற்றிவிட்டார். பழுது பார்க்கும் ஆட்களும் சொன்ன பேச்சு மாறாமல் பதினான்காம் எண் வீட்டு வாசலை இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டார்கள். மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் ஒரு வாளி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு வந்து அக்காவின் மேசையில் வைத்தார். "உங்க மண்ணு. எண்ணிப் பாத்துக்கங்க" என்றார்.

நிர்வாக அலுவலர் அந்த ஊருக்கு மாற்றலாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். அதுதான் வம்பே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவரோ அக்காவை உட்கார வைத்து, காபி வரவழைத்து, மெதுவாகச் சொன்னார்.

"உங்க மரியாதைக்கு ஒரு குறையும் வராதும்மா. பின் ரூம்ல உக்காந்து தபாலுக்கு சீல் போட்டுக் குடுங்க போதும். கண்ணுக்கு வேலை இல்லை."

பின் அறை என்பது கழற்றிப் போட்ட பழைய மீட்டர்களின் கிடங்கு. சீல் போடுவது கேவலமான வேலை என்று அக்கா நினைக்கவில்லை. ஆனால் அங்கே போன் கிடையாது. தண்ணீர் வரவில்லை என்று அங்கே யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

"ஒரு மாசம் குடுங்க சார்" என்றார்.

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னு எனக்கே தெரியலை சார். ஆனா குடுங்க."

அலுவலர் முப்பதாம் தேதி வரை கொடுத்தார்.

வழி போன் வழியாகவே வந்தது. வாரம் ஒருமுறை புகார் அனுப்பும் வக்கீல் ஒருவர் இருந்தார். அவருடைய மின்னஞ்சலில் ஒரு கால்புள்ளிகூடப் பிசகாது. இந்த முறை குழாயடியில் கசிவு என்று எழுதியிருந்தார். அக்கா போன் செய்து, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

"எடுக்கலாம் மேடம். ஆனா அதுல குழாய் விழுதா என் கால் விழுதான்னு எனக்கே தெரியாது. எனக்குப் பொறவியிலேயே பார்வை கிடையாது."

அக்கா குழாயை விட்டுவிட்டு, "அப்ப இவ்வளவு சுத்தமா எப்படி சார் எழுதறீங்க?" என்று கேட்டார்.

வக்கீல் சொன்னார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது, என்விடிஏ என்று பெயர். பார்வை இல்லாத இரண்டு பேர் தொடங்கியது. தமிழும் படிக்கும். கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ். இரண்டுக்கும் காசு கிடையாது.

"காசு இல்லைன்னா, பின்னாடி வந்து கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க மேடம். திருட்டுத்தனமா எடுத்துப் போடற சமாச்சாரம் இல்லை. குடுக்கறதுக்குன்னே செஞ்சது. சரி, என் குழாய்?"

அவருடைய குழாய்க்கு அன்றைக்கே ஆள் போனது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி வீட்டில் தூசி படிந்து கிடந்தது. எலக்ட்ரீஷியனான கணவர் அதைத் துடைத்து, மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு இரண்டையும் இறக்கினார். குரல் கிளம்பியதும் இரண்டு பேருமே பின்னுக்குச் சாய்ந்தார்கள். தகர டப்பாவுக்குள் தலையை விட்டு ஒருவன் தமிழ் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"இவன் கூடவா மாசம் முழுக்க உக்காரப் போறே?" என்றார் கணவர்.

"உங்ககூட இருபத்தஞ்சு வருஷம் உக்காரலையா?"

விடியற்காலையில் ஒரு மணி நேரம், அலுவலகம் விட்டு வந்து இரண்டு மணி நேரம் என்று அக்கா பிடித்துக்கொண்டார். மவுஸைக் கணவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அது கையில் இருந்தால் கண் தானாகத் திரைக்குப் போய்விடுகிறது என்று அக்காவே பூட்டச் சொன்னார். முதல் வாரம் முழுக்கத் தடுமாற்றம். டேப் விசையைத் தட்டினால் எங்கே போய் நிற்கிறோம் என்று தெரியாது. இரண்டு முறை மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போனார். இரண்டு முறையும் முகம் கழுவிக்கொண்டு வந்து திறந்தார். இரண்டாம் வாரம் குரலின் வேகத்தைக் கூட்டினார். மூன்றாம் வாரம், கணவருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டது அக்காவுக்குத் தெளிவான செய்தியாகக் கேட்டது.

அலுவலகக் கணினியில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. எந்த மென்பொருளானாலும் மூன்று விலைப்புள்ளி வாங்கி வைக்க வேண்டும் என்றார் ஸ்டோர் கிளார்க்.

"விலையே இல்லைங்க."

"அப்ப மூணு பேர்கிட்டயும் விலை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்கக்கா. அதுல எது கம்மின்னு பாக்கணும்."

அக்கா வாதாடவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து, விலையில்லாத பொருளுக்கு எவ்வாறு விலைப்புள்ளி பெறுவது என்று தெரிவிக்குமாறு கணக்கு அதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். கணக்கு அதிகாரி இரண்டு நாள் யோசித்தார். 'வாங்காத பொருளுக்குக் கொள்முதல் விதி பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர் கிளார்க் அதை மூன்று முறை படித்துவிட்டு வழிவிட்டார்.

ஏற்றியாயிற்று. ஆனால் அலுவலகத்தின் புகார்ப் பக்கத்தைச் செய்தவர்கள் எந்தப் பொத்தானுக்கும் பெயர் வைத்திருக்கவில்லை. குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போனது. எது சேமிப்பு, எது அழிப்பு என்று யாருக்குத் தெரியும்? அக்கா விரல் விட்டு எண்ணினார். வார்டுக்கு ஏழு தட்டு, வீட்டு எண்ணுக்கு ஒன்பது, சேமிக்கப் பதின்மூன்று. பதினான்கு தட்டினால் அழிந்துபோகும். பேருந்தில் போகும்போதுகூடத் தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டார். வீட்டு எண்ணை மட்டும் ஏற்றியபின் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கவைத்துக் கேட்பார். அதற்குப் பிறகு எவர் வாசலும் தவறுதலாகத் தோண்டப்படவில்லை.

திரை வெளிச்சத்தில் கண் கூசியது. இனி அது எதற்கு என்று இருபத்து நான்காம் தேதி அக்கா திரையை அணைத்துவிட்டார். அங்கேதான் வினை வந்தது. அந்த வழியாகப் போன நிர்வாக அலுவலர் நின்று பார்த்தார். இருட்டுத் திரை. அதன் முன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கும் அக்கா. ஐயோ பாவம், கணினி அணைந்திருப்பதுகூடத் தெரியாமல் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனம் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனம் புண்படுமே என்று கேட்கவில்லை. அறைக்குப் போய், சுருக்கெழுத்தரைக் கூப்பிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் சொன்னார்.

கடிதங்களை அனுப்புவதும் புகார்ப் பிரிவின் வேலைதான். பொதுக் கோப்புறையில் சேர்ந்திருப்பவற்றை மாலை நான்கு மணிக்குத் திறந்து, பார்த்து, அனுப்ப வேண்டும். சுருக்கெழுத்தர் இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, பழக்க தோஷத்தில் அதையும் அங்கேயே போட்டுவிட்டார். அதை யார் திறப்பார் என்று அவருக்கும் தோன்றவில்லை, அலுவலருக்கும் தோன்றவில்லை.

இருபத்தாறாம் தேதி நான்கு மணிக்கு அக்கா கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பம்ப் ரிப்பேர், குளோரின் இருப்பு. மூன்றாவதைத் தகரக் குரல் அதே வேகத்தில், அதே உற்சாகத்தில் படித்தது. 'புகார்ப் பிரிவு எழுத்தர் பார்வைக் குறைபாடு காரணமாகக் கணினிப் பணி செய்ய இயலாத நிலையில் உள்ளார். அவரைத் தபால் அறைக்கு மாற்ற ஆணையிடப்பட்டுள்ளது. மாற்று ஊழியரை அனுப்பக் கோரப்படுகிறது.'

அக்கா திரும்பப் படிக்கச் சொன்னார். குரல் சலிக்காமல் படித்தது. அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டு வந்தது. செய்ய இயலாதவர் என்கிற கடிதத்தை அனுப்பும் வேலையை அவரையே செய்யச் சொல்கிறார்கள்!

நாற்காலியை விட்டு எழவில்லை. அலுவலர் அறைக்கு ஓடவில்லை. புதிய புகார்ப் பக்கத்தைத் திறந்தார். புகார்தாரர்: புகார்ப் பிரிவு எழுத்தர். குறை: வேலை செய்துகொண்டிருப்பவரை வேலை செய்ய இயலாதவர் என்று எழுதியது. ஆதாரம்: இணைக்கப்பட்ட கடிதம். இம்மாதம் ஏற்றிய புகார்கள் நானூற்றுப் பன்னிரண்டு, திரையைப் பார்க்காமல் ஏற்றியவை நூற்று எண்பது, அதில் பிழை ஏதுமில்லை. நடவடிக்கை எடுக்க வேண்டியவர்: நிர்வாக அலுவலர். பதின்மூன்று தட்டு. சேமித்தாயிற்று. மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கணினி தானாக அலுவலருக்குச் செய்தி அனுப்பியது. கடிதத்தின் மேல், 'புகார் நிலுவையில் உள்ளதால் அனுப்பவில்லை' என்று குறித்துவைத்தார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது: 'பரிசீலிக்கப்படும்.'

இருபத்திரண்டு வருடத்தில் இந்தச் சொல்லை அக்கா எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார்! புகார் கொடுத்தவர்களுக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது புரிந்தது. 'குறை தீரவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் அலுவலரே வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, கம்ப்யூட்டரே ஆஃப்ல இருக்கு..."

"திரைதான் சார் ஆஃப்ல இருக்கு. கம்ப்யூட்டர் வேலை பாக்குது. நானும் பாக்கறேன்."

போன் அடித்தது. மூன்றாவது வார்டில் கலங்கல் தண்ணீர். அக்கா இரண்டு கேள்வி கேட்டார், தட்டினார், இலக்கங்களைக் கேட்டுச் சரிபார்த்தார், புகார் எண்ணைச் சொல்லிப் போனை வைத்தார். அலுவலர் குனிந்து திரையைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து இன்னும் ஆறு புகார் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில்.

"ஆமா சார். கேட்டிருக்கணும்."

அவர் தன் அறைக்குப் போய்ப் புதிய பதில் எழுதினார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். அக்கா காதிலிருந்த கருவியின் வயரைப் பிடுங்கினார். தகரக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. 'மாற்றல் ஆணை ரத்து செய்யப்பட்டது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எழுத்தர் இதே இடத்தில் பணியைத் தொடர்வார்.' ஸ்டோர் கிளார்க் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"முடிச்சிடலாமாக்கா?" என்று கேட்டார் அலுவலர்.

"புகார் குடுத்தவங்க சம்மதிக்காம முடிக்கக் கூடாது சார். விதி. இருங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அலுவலர் நின்றுகொண்டே காத்திருந்தார்.

"திருப்தியாம் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா என்டரைத் தட்டினார்.