கோட்டுக்குள் அடங்காதவர்கள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இருபது வருஷமாக ஊரார் கொழுப்பை அளந்துகொண்டிருப்பவர் நம் படக்காரர். ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து மிஷினின் எக்ஸ்ரேக் கையை மேலே ஒருமுறை ஓடவிட்டால் போதும். எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று மிஷின் புட்டுப்புட்டு வைத்துவிடும். கட்டிய மனைவியே சொல்லத் தயங்கும் விஷயம் அங்கே கிராம் சுத்தமாக வெளிவரும்.

ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்று வந்து சேர்ந்தது. டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டி வரப்போகிறதாம். அதில் ஏறுகிறவர்கள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார்களாம். திடீரென்று பிரேக் விழுந்தால் பெல்ட் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளுமா, மேலே வழுக்கி வயிற்றை அறுக்குமா? இதைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஆயிரம் பேருடைய உடம்புப் படம் வேண்டும். உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பே தன் தலையில் விழுந்துவிட்டதாகப் படக்காரர் நினைத்துக்கொண்டார். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

கட்டிலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு உண்டு. உடம்பு அதற்குள் இருந்தால்தான் படம் முழுசாக விழும். பருமனானவர்கள் படுத்தால் கையோ இடுப்போ வெளியே நிற்கும். அதற்கும் வழி இல்லாமலில்லை. ஆளைச் சற்று நகர்த்தி வலது பாதியை மட்டும் எடுத்தால், இடது பாதியை மிஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும். கூடப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஆராய்ச்சித் தலைவியான டாக்டரம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பாதிப் படத்தை வைத்துக் கட்டுரை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், அடங்காதவர்களை விட்டுவிடுங்கள் என்றார் அந்த அம்மா. படக்காரர் தலையாட்டினார். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படி அவர் மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டவர்கள் இருநூற்றுப் பதிமூன்று பேர். கோட்டுக்குள் சமர்த்தாக அடங்கிய ஆயிரம் பேரை வைத்து, இந்த சீட் எல்லா உடம்புக்கும் பாதுகாப்பானது என்று கட்டுரை வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் படக்காரருக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியே வந்துவிட்டது. முதல் சவாரிக்கு ஊழியர்களில் ஆறு பேரைக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். அதில் ஒருத்தி, சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி. நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. ஈரப் போர்வை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுகிற உடம்பு. பிறந்ததிலிருந்து எந்தக் குலுக்கலிலும் அவள் பெயர் வந்ததில்லை. காலையிலேயே தலைவாரிப் பளிச்சென்று போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

படக்காரர் கையசைக்கத்தான் வந்தார். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அது இடுப்பில் உட்காராமல் வயிற்றின் மேல் ஏறி நின்றது. பிரேக் விழுந்தால் அந்தப் பட்டை எங்கே போய்ப் பாயும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"இறங்கிடு," என்றார்.

எல்லாரும் பார்க்கிறார்கள், அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று அவள் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா, ஆயிரம் பேரை வைத்துப் பார்த்தாகிவிட்டது, பயமே வேண்டாம் என்று சிரித்தார்.

"கேட்டீங்களா? ஆயிரம் பேராம். அதுல என்னை மாதிரி ஒருத்தர்கூடவா வந்திருக்க மாட்டாங்க?"

"வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

டாக்டரம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"அப்புறமா கூப்பிடுறோம்னு."

"கூப்பிட்டீங்களா?"

அவர் பெல்ட்டைக் கழற்றிவிடக் கையை நீட்டினார். அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் பெல்ட்டைத் தானே கழற்றினாள். அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் இறங்கி, சலவை அறையைப் பார்த்து நடந்தாள்.

ஒரு சீட் காலியாக இருக்கிறதே என்று டாக்டரம்மா கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, ஒல்லியான ஒரு குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்.